ஸ்லைகோவுக்கு ஒரு பழைய பாக்கி

வியாழன், டப்ளின்

லண்டனில் அலுவலக வேலை நேற்றோடு முடிந்தது. ஊர் திரும்ப இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. நடுவில் அயர்லாந்து போகிறேன் என்றதும் கூட வேலை செய்பவர்கள் மோஹர் பாறைகளைப் பார், கின்னஸ் பீர் ஆலையைப் பார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஸ்லைகோ போகிறேன் என்றேன். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நாற்பது வயதில் அதற்கு உண்மையான பதில் சொல்ல வெட்கமாக இருந்ததால், கவிஞர் யேட்ஸின் ஊர் என்று சொல்லி வைத்தேன்.

உண்மையான பதில் வெஸ்ட்லைஃப் என்ற அயர்லாந்துப் பாட்டுக் குழு. 2000ஆம் ஆண்டு திருச்சியில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எங்கள் கும்பலுக்கு உலகத்தில் மொத்தம் ஐந்து ஆண்கள்தான். ஷேன் ஃபிலன், மார்க் ஃபீலி, கியன் ஈகன் மூவரும் ஸ்லைகோ. நிக்கி பெர்னும் பிரயன் மெக்ஃபேடனும் டப்ளின். அயர்லாந்தின் தலைநகரம் எது என்று பரீட்சையில் கேட்டால் யோசித்திருப்போம். ஷேன் ஜூலை 5 பிறந்தவன், மார்க் மே 28 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். நான் ஷேன் கட்சி. விமான நிலையத்தில் என்னை அழைக்க வந்த தோழி மார்க் கட்சி. நர்ஸிங் முடித்து இங்கே வந்தவள், டப்ளினிலேயே குடும்பமாகிவிட்டாள்.

(விசா பற்றிக் கேட்பவர்களுக்கு: பிரிட்டன் விசாவில் பி.ஐ.வி.எஸ்., அதாவது பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம், என்று குறித்திருந்தால் இந்தியர்களுக்கு அயர்லாந்துக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் முதலில் பிரிட்டனுக்குள் நுழைந்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும்.)

மதியம் குரோக் பார்க் போனோம். 82,300 பேர் உட்காரும் அரங்கம். மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஹர்லிங்கும், கேலிக் கால்பந்தும் நடக்கும் இடம். இரண்டும் அயர்லாந்தின் சொந்த ஆட்டங்கள். ஆடுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியரும் விவசாயியும் போலீஸ்காரரும் வேலை முடிந்து வந்து பயிற்சி எடுத்து, தங்கள் மாவட்டத்துக்காக இங்கே இறங்குகிறார்கள். சுற்றிக் காட்டிய பெரியவர் 1920 நவம்பர் 21 அன்று பிரிட்டிஷ் படையினர் மைதானத்துக்குள் நுழைந்து சுட்டதில் 14 பேர் இறந்த கதையைச் சொன்னபோது அவர் குரல் மாறியது. இறந்த ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகனின் பெயர்தான் அந்தப் பக்கப் பார்வையாளர் மாடத்துக்கு. அந்தக் கதைக்குப் பின்னால் நின்றுகொண்டு வெஸ்ட்லைஃப் மேடை எந்தப் பக்கம் போட்டார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தோழி கேட்டுவிட்டாள். அவர் சிரித்து, கையை நீட்டி ஒரு கோடியைக் காட்டினார்.

2012 ஜூன் 22, 23 இரண்டு இரவும் அவர்கள் பிரியாவிடைக் கச்சேரி இங்கேதான் நடந்தது. பிரயன் 2004லேயே விலகிவிட்டதால் நான்கு பேர். அதே ஜூன் மாதத்தில்தான் ஷேன் திவாலானதாக அறிவிக்கப்பட்டான். அண்ணனோடு சேர்ந்து வீடு கட்டி விற்கும் கம்பெனி வைத்திருந்தான். 2008 பொருளாதாரச் சரிவில் அது மூழ்கி, கிட்டத்தட்ட 1 கோடியே 80 லட்சம் பவுண்டு கடன் தலையில் நின்றது. அந்த நிலையில் வந்து எண்பதாயிரம் பேர் முன்னால் நின்று பாடியிருக்கிறான். அப்போது இந்தச் செய்தியை ஆபீஸ் கம்ப்யூட்டரில் படித்த நினைவு இருக்கிறது. எங்கள் வீட்டுக் கடனுக்கு முதல் தவணை கட்டிய சமயம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவனுக்காக உருகியதைவிட அன்றுதான் அவன்மேல் எனக்கு ஒட்டுதல் அதிகமானது என்று நினைக்கிறேன். (2018ல் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள், 2019ல் இதே மைதானத்தில் பாடினார்கள். கடன் மனிதனை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்று தோழியின் கணவர் சொல்கிறார். அவர் இளையராஜா தவிர வேறு யாரையும் ஒப்புக்கொள்வதில்லை.)

இரவு சாப்பாட்டில் தோழியின் மகளோடு பேச்சு. பதினான்கு வயது. அவள் அறைச் சுவரில் பி.டி.எஸ்.ஸின் ஏழு கொரியப் பையன்கள். ஆல்பத்தோடு வரும் ஃபோட்டோ கார்டு யாருடையது என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியுமாம். வேண்டியது கிடைக்காவிட்டால் பள்ளியில் மாற்றிக்கொள்கிறார்கள். எங்கள் ஆட்களின் பழைய வீடியோவை அம்மா போட்டுக் காட்டினாள். பெண் இரண்டு நிமிடம் பொறுமையாகப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இவங்க டான்ஸே ஆடல. ஸ்டூல்ல உக்காந்தே இருக்காங்க."

"கடைசியில எழுந்திருப்பாங்கடி. அதுக்காகத்தான் உக்காந்திருக்காங்க," என்றாள் அம்மா.

வெஸ்ட்லைஃப் கேட்டவர்களுக்குத் தெரியும், இதைவிடத் துல்லியமான விமர்சனம் கிடையாது. பாட்டின் கடைசிப் பல்லவியில் சுருதி ஒரு படி ஏறும். ஐந்து பேரும் ஒன்றாக எழுந்திருப்பார்கள். திருச்சியில் ஒரு வீட்டு ஹாலில் நாங்களும் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்திருப்போம்.

வெள்ளி, ரயிலும் ஸ்லைகோவும்

கானலி நிலையத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நகரம் தாண்டியதும் ராயல் கால்வாய் கூடவே வருகிறது. மல்லிங்கர், லாங்ஃபோர்டு, கேரிக்-ஆன்-ஷானன், பாய்ல். ஜன்னலில் மாடுகள், மழை, பச்சை, மறுபடி மாடுகள். பேசுவதற்கு நல்ல ரயில்.

எங்களுக்கு வெஸ்ட்லைஃபைக் கொண்டுவந்தவள் லால்குடியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த ஒருத்தி. சென்னையிலிருந்த அவள் அண்ணன் ஒரு கேசட் கொடுத்தனுப்பியிருந்தார். இங்கிலீஷ் கேசட் விலைக்குத் தமிழ்ப் படக் கேசட் இரண்டு, மூன்று வாங்கலாம். அதனால் அந்த ஒரு கேசட்டை ரெக்கார்டிங் கடையில் கொடுத்து எல்லோரும் காலி கேசட்டில் பதிவு செய்துகொண்டோம். அசலோடு வந்த அட்டையில் பாட்டு வரிகள் எறும்பு சைஸில் அச்சடித்திருந்தன. லால்குடிக்காரி அதை யாருக்கும் தர மாட்டாள். கேட்டு எழுதுங்கடி என்பாள்.

கேட்டு எழுதினோம். நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று. ஆளுக்கு ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஒரு வரி ஓடவிடு, நிறுத்து, எழுது, பின்னால் சுற்று, மறுபடி கேள். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அடுத்த வாரம் அடுத்தவள் அந்தக் கோட்டை நிரப்புவாள், அல்லது அடித்துவிட்டுத் தான் கேட்டதை எழுதுவாள். தமிழ் மீடியத்தில் படித்த எங்களுக்கு அதுவரை இங்கிலீஷ் என்றால் மனப்பாடம் செய்து பரீட்சையில் கொட்டுவது. வெஸ்ட்லைஃப் பாட்டு எல்லாம் மெதுவானது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும். ராப் கிடையாது, கத்தல் கிடையாது. அமெரிக்காவில் இவர்களின் முதல் பாட்டு 20ஆம் இடம் வரை போனதோடு சரி, அப்புறம் அங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் நம் ஊரிலும் கொண்டாடினார்கள். எங்களைப் போல நோட்டு வைத்து எழுதிய பிள்ளைகள் ஜகார்த்தாவிலும் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

இந்த நோட்டைப் பார்த்த வீட்டுப் பெரியவர்கள், அண்ணன்மார், டியூஷன் சார் எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை, பைத்தியம். அதே தெருவில் அண்ணன்மார் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றினார்கள், மன்றத்துக்கு வசூல் செய்தார்கள், முதல் காட்சி டிக்கெட்டுக்கு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதற்குப் பெயர் ரசிகர் மன்றம், போர்டு உண்டு, தலைவர் உண்டு, செயலாளர் உண்டு. எங்களுக்கு இருந்ததெல்லாம் அட்டை போட்ட ஒரு நோட்டு. எனக்கு இன்னும் ஆற்றாமை போகவில்லை.

இரண்டு உண்மைகளை மட்டும் அப்போது யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்போம். ஒன்று, 'மை லவ்' பாட்டை எழுதியது ஷேன் இல்லை. வீட்டை நினைத்து ஏங்கும் அந்தப் பாட்டை எழுதியவர்கள் ஸ்வீடன்காரர்கள். இன்னொன்று, முதல் ஏழு பாட்டும் வரிசையாக பிரிட்டனில் முதலிடம் வந்த பிறகு, 2000 கிறிஸ்துமஸில் எட்டாவதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது 'பாப் தி பில்டர்' என்ற குழந்தைகள் பொம்மைத் தொடரின் பாட்டு. இரண்டாவது உண்மை தாமதமாக எங்களுக்கு வந்து சேர்ந்தது. லால்குடிக்காரி அன்று மதியம் சாப்பிடவில்லை.

தோழி கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே அந்த அட்டை! பணம் சேர்த்து, தலைமைத் தபால் நிலையத்தில் சர்வதேசப் பதில் கூப்பன் வாங்கி வைத்து, லண்டன் முகவரிக்கு நாங்கள் எழுதிய கடிதத்துக்கு மாதக்கணக்கில் கழித்து வந்த பதில். ஐந்து பேர் படம், கீழே ஐந்து கையெழுத்து. வந்த அன்று விரலில் எச்சில் தொட்டு பிரயனின் கையெழுத்தை ஓரமாகத் தேய்த்துப் பார்த்தோம் (பிரயன் கட்சியில் யாரும் இல்லை). மை கலையவில்லை. அச்சடித்தது என்று எங்கள் ஐவருக்கும் அந்த நொடியே தெரியும். வெளிநாட்டு மை அப்படித்தான் இருக்கும் என்று ஏகமனதாக முடிவு செய்தோம்.

ஸ்லைகோ நிலையத்துக்கு, 1916ல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான எழுச்சிக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட ஷான் மேக் டியர்மடாவின் பெயர். இறங்கியதும் முதல் அதிர்ச்சி, ஊரின் அளவு. இருபதாயிரம் சொச்சம் மக்கள். திருவெறும்பூர் இதைவிட நெரிசல். நடுவில் காரவோக் ஆறு பழுப்பு நிறத்தில் வேகமாக ஓடுகிறது. பாலம் தாண்டினால் பழைய வங்கிக் கட்டட வாசலில் யேட்ஸ் சிலை, உடம்பு முழுக்க அவர் கவிதை வரிகளை வார்த்திருக்கிறார்கள், நெடுநெடுவென்ற ஒல்லிக் கால். சுற்றுலா அலுவலகத்தில் யேட்ஸ் பற்றி அடுக்கடுக்காகத் தாள்கள். எங்கள் ஆட்கள் பற்றி ஒன்றும் கண்ணில் படவில்லை.

சம்மர்ஹில் கல்லூரி வரை நடந்தோம். கல்லூரி என்பது பெயர்தான், ஆண்கள் உயர்நிலைப் பள்ளி. மூன்று பேரும் படித்தது இங்கே. பள்ளி விடும் நேரம். டை தளர்ந்த பையன்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். சிப்ஸ் பொட்டலம், தோளில் ஒரு பக்கம் தொங்கும் பை, முகப்பரு. ஒருவன் இன்னொருவனைச் சேற்றில் தள்ளப் பார்த்தான். 1997ல் இதே வாசலில் இப்படித்தான் வந்திருப்பார்கள். பள்ளி நாடகத்தில் 'கிரீஸ்' போட்டு, அதில் சேர்ந்த ஆறு பையன்கள் குழு ஆரம்பித்தார்கள். ஷேன் ஏழு பிள்ளைகளில் கடைசி. அப்பா அம்மா ஊரில் சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். அம்மாதான் பாய்ஸோன் குழுவின் மேனேஜர் லூயிஸ் வால்ஷைத் தொடர்புகொண்டு பையன்கள் பாடுவதைக் கேட்க வைத்தார். வால்ஷ் அவர்களை ரெக்கார்டு கம்பெனிக்காரர் சைமன் கவலிடம் கூட்டிப் போனார். கவலுக்குக் குரல் பிடித்தது, முகங்கள் பிடிக்கவில்லை. ஆறில் மூன்று பேர் வெளியே. டப்ளினில் தேர்வு வைத்து இரண்டு பேர் உள்ளே. அதில் நிக்கி லீட்ஸ் யுனைட்டெட் இளைஞர் அணியில் கோல்கீப்பராக இருந்து திரும்பியவன்.

"வெளிய அனுப்பின மூணு பேருக்கு எப்படி இருந்திருக்கும்?" என்றாள் தோழி. "டிவியில பாக்கும்போது."

எங்கள் கும்பலில் ஐந்து பேர். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மாதமே லால்குடிக்காரிக்குக் கல்யாணம் ஆனது. இங்கிலீஷில் எங்களைவிட அவள்தான் அதிக மார்க். அந்த நோட்டை எழுதக் கற்றுக்கொடுத்தவள். நோட்டைத் தூக்கிக்கொண்டு நான் சென்னைக்கும், இவள் நர்ஸிங் படிக்கவும் போனோம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மழை வலுத்ததால் ஓட வேண்டியதாயிற்று.

சனி, நாக்நரே, ஸ்ட்ராண்ட்ஹில்

நாக்நரே 327 மீட்டர். மலை என்று இவர்கள் சொல்கிறார்கள். ஸ்ட்ராண்ட்ஹில் பக்கத்திலிருந்து மரப்படிப் பாதை போட்டிருக்கிறார்கள், ஆனாலும் காற்று ஆளைத் தள்ளுகிறது. உச்சியில் பிரம்மாண்டமான கற்குவியல், அகலம் 55 மீட்டர், உயரம் 10 மீட்டர், வயது ஐயாயிரம் வருடத்துக்கு மேல். அயர்லாந்துப் பழங்கதைகளில் வரும் மேவ் ராணி உள்ளே ஈட்டியோடு நின்றபடி புதைக்கப்பட்டிருக்கிறாள், எதிரி நாடான அல்ஸ்டரைப் பார்த்தபடி, என்று கதை. இதுவரை யாரும் தோண்டிப் பார்த்ததில்லை. ஏறாதீர்கள், கல்லை எடுத்துப் போகாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மேலே காற்றுக்கு மறைவாக உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். நான் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். 2005 ஆகஸ்டில் மார்க் தான் ஓரினச் சேர்க்கையாளன் என்று வெளிப்படையாகச் சொன்னபோது அவனுக்கு 25 வயது. இவள் அப்போது நர்ஸிங் ஹாஸ்டலில்.

"பேப்பர்ல ஒரு மூலையில சின்னதா போட்டிருந்தான். ரூம்ல எல்லாரும் சிரிச்சாங்க. போச்சு உன் ஆளுன்னு. நானும் கூடச் சிரிச்சேன். ராத்திரிதான் கணக்குப் போட்டுப் பாத்தேன். நம்ம லெட்டர் போட்டப்ப அவனுக்கு இருபது வயசு. என்னல்லாம் எழுதியிருந்தேன் தெரியும்ல?"

தெரியும். திருத்திக் கொடுத்ததே நான்தான்.

"அந்த மாதிரி லெட்டர் மூட்டை மூட்டையா வந்திருக்கும். அத்தனையும் அவன் இல்லாத ஒருத்தனுக்கு எழுதினது. இவன் சிரிச்சுக்கிட்டு போஸ் குடுத்திருக்கான். எனக்கு அவன் மேல கோவமே வரலடி. நாம சுத்தி நின்னதாலதான் அவனால வாயத் திறக்க முடியலையோன்னு இருந்துச்சு."

உனக்குப் பதினைந்து வயது, நீ என்ன செய்வாய் என்றேன். பதினைந்து லட்சம் பேருக்குப் பதினைந்து வயசுன்னா அது சின்ன விஷயமா என்றாள். இந்த இடத்தில் நான் அவள் கட்சிதான், ஆனால் முழுக்க இல்லை. கடிதம் எழுதிய பிள்ளைகளைவிட, ஐவரும் யாருக்கும் சொந்தமில்லாத பையன்களாகத் தெரிய வேண்டும் என்று கணக்குப் போட்டு விற்ற பெரியவர்களுக்குத்தான் இதில் பங்கு அதிகம். இவள் மகள் கொரியப் பையன்களைப் பற்றிப் பேசும்போது அந்த வியாபாரம் அத்தனையும் தெரிந்துதான் பேசுகிறாள். எந்த கம்பெனி, என்ன ஒப்பந்தம், யார் எப்போது ராணுவ சேவை முடித்தார்கள் எல்லாம். தெரிந்தும் அழுகிறாள். நாங்கள் எச்சில் தொட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டதும் அதேதானே.

மார்க் உடல்நிலை காரணமாக 2024லிருந்து கச்சேரிப் பயணங்களுக்குப் போவதில்லை. நர்ஸ் என்ற முறையில் அந்தச் செய்தியை வரிவரியாகப் படித்தாளாம். நிமோனியா, செப்சிஸ். "ஃபேனா படிக்கல, சார்ட் பாக்குற மாதிரி படிச்சேன்," என்றாள்.

இறங்கி வந்து கடற்கரை. அலை பெரிது, நீச்சலுக்குத் தடை, சறுக்குப் பலகைக்காரர்கள் மட்டும் கறுப்பு உடையில் மிதக்கிறார்கள். கியனும் அலைச் சறுக்குக்காரன். வீடு இந்தப் பக்கம்தான் என்று டீக்கடையில் ஒரு பெண்மணி தானாகவே சொல்ல ஆரம்பித்தார். வேண்டாம் என்று பேச்சை மாற்றினோம். பதினைந்து வயதில் கேட்டிருந்தால் வாசலில் போய்ப் படுத்திருப்போம்.

கடற்பாசிக் குளியல் என்று ஒன்று இங்கே பிரசித்தம். தொட்டியில் வெந்நீர், அதில் கூடைக் கணக்கில் வழவழ பாசி. ஒரு மணி நேரம். முழங்கால் வலி போய்விட்டது, பணமும்தான்.

ஞாயிறு, டிரம்கிளிஃப்

யேட்ஸின் ஊர் என்று சொன்ன பாவத்துக்கு அவரையும் பார்த்துவிட்டு ரயில் ஏறினோம். பென்பல்பன் மலை 526 மீட்டர், தலையைச் சீவிவிட்ட மாதிரி தட்டை. அதன் அடியில் சின்ன தேவாலயம், பழைய கல் சிலுவை, சிதைந்த வட்டக் கோபுரம். வாசலுக்குப் பக்கத்திலேயே கல்லறை, மூன்று வரி, பேர், தேதி. 1923 நோபல் வாங்கியவருக்கு அலங்காரமே இல்லாத கல்.

யேட்ஸ் 1939ல் பிரான்சில் இறந்தார். 1948ல் எலும்புகளைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே புதைத்தார்கள். ஆனால் அங்கே அவரைப் புதைத்த குழியைக் காலி செய்து எலும்புகளைப் பொது அறையில் மற்றவர்களுடையதோடு போட்டுவிட்டிருந்தார்கள். அங்கிருந்து சேகரித்துச் சேர்த்த எலும்புகள்தான் வந்தன என்று காட்டும் பிரெஞ்சு அதிகாரிகளின் கடிதங்கள் 2015ல் வெளியாயின. உள்ளே இருப்பது யார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நாங்கள் நின்ற நேரத்தில் இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு பெண் மண்டியிட்டு ஒற்றைப் பூ வைத்தார். கல்லின் தலையில் யாரோ நாணயங்கள் வைத்திருந்தார்கள்.

தோழி என்னைப் பார்த்தாள். "வெளிநாட்டு மை," என்றாள். கல்லறையில் சிரிக்கக் கூடாது என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. ஒரு பெரியவர் முறைத்தார்.

ரயிலில் உட்கார்ந்துதான் லால்குடிக்காரிக்குப் படங்களை அனுப்பினோம். பள்ளி வாசல், மழையில் நாங்கள், ஆறு, அந்த அட்டை. இப்போது அவள் ஊரிலேயே நர்சரிப் பள்ளி நடத்துகிறாள், பெரிய மகன் கல்லூரி முடித்துவிட்டான். மல்லிங்கர் வருவதற்குள் குரல் செய்தி வந்தது. பின்னால் குக்கர் சத்தம்.

"அடிப்பாவிகளா, இத்தன துட்டு செலவு பண்ணி ஸ்கூல் கேட்டையா ஃபோட்டோ எடுத்தீங்க? அந்தக் கார்டு எனக்கு வந்த லெட்டருடி. என் பேர்லதான் அனுப்பினோம், கவர்ல என் அட்ரஸ்தான். யாரு எடுத்துட்டுப் போனீங்கன்னு இருபத்தஞ்சு வருஷமா தேடிட்டு இருக்கேன். ஒழுங்கா வரும்போது கொண்டு வந்து குடு. சாக்லேட்டும் வாங்கிட்டு வா, பிள்ளைங்க நாப்பது பேரு இருக்கு."

தோழி அட்டையைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள். சாக்லேட் மட்டும் என் கையில் கொடுத்தனுப்புவாளாம்.